பழைய ஸ்டீரியோவில் சிடி ஓடவில்லையா? லென்ஸ் மேல் பழி போடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: அப்பா 1999இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கைப்பிடி வைத்த ஸ்டீரியோ செட். ரேடியோவும் கேசட்டும் நன்றாகப் பாடுகின்றன. சிடி போட்டால் மட்டும் கொஞ்சம் சுற்றிவிட்டு "நோ டிஸ்க்" என்று காட்டி நின்றுவிடுகிறது. பக்கத்துக் கடையில் "லென்ஸ் போச்சு, பார்ட்ஸ் வராது, தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும் தம்பி. நீங்கள் எழுதியதிலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது, "கொஞ்சம் சுற்றிவிட்டு" என்கிறீர்களே, அது. பெரும்பாலான செட்களில் சிடி சுற்றத் தொடங்குவதற்கு முன்பே நாலைந்து வேலைகள் வரிசையாக நடந்து முடிந்திருக்க வேண்டும், லேசர் எரிவதும் அதில் ஒன்று. கடையில் மூடியைத் திறந்து பார்த்தார்களா, இல்லை டிஸ்பிளேயை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னார்களா தெரியவில்லை. ஆனால் "நோ டிஸ்க்" என்ற ஒரே செய்தியை வைத்து லேசர் செத்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கே தடுமாறினாலும் இந்த செட்கள் காட்டுவது அதே செய்திதான்.

முதலில் அந்த வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள், பாதி ரிப்பேர் அதிலேயே முடிந்துவிடும். மூடியை மூடியதும் ஒரு சின்ன சுவிட்ச் அழுந்துகிறது. உடனே லேசர் பிக்கப் (கடைகளில் லென்ஸ் என்றோ ஹெட் என்றோ சொல்வது இந்த முழு பாகத்தைத்தான்) தண்டவாளம் போன்ற கம்பியில் நகர்ந்து நடுப்பக்கம் போய் இன்னொரு சின்ன சுவிட்சைத் தொட்டு நிற்கும். சிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே போவதால் எப்போதும் நடுவிலிருந்துதான் தொடக்கம். அப்புறம் லேசர் எரியும், லென்ஸ் இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஏறி இறங்கி ஒளி கூராக விழும் இடத்தைத் தேடும். திரும்பி வரும் ஒளி போதுமான அளவு இருந்தால்தான் ஃபோகஸ் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டு மோட்டாரைச் சுற்றவிடும். சுற்றியதும் தடத்தைப் பிடிக்க வேண்டும், வேகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும், உட்பக்க ஓரத்தில் இருக்கும் பொருளடக்கத்தைப் படிக்க வேண்டும். இது எல்லாம் முடிந்தால்தான் டிஸ்பிளேயில் மொத்தப் பாட்டு எண்ணிக்கை வரும். எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படிக்குரிய பாகத்தை மட்டும் பார்த்தால் போதும். இதைச் செய்யாமல் நேராக புது பிக்கப் வாங்கி மாட்டுகிறவர்கள் நிறையப் பேர், மாட்டிய பிறகும் "நோ டிஸ்க்" வந்தால் அப்போதுதான் யோசிக்கிறார்கள்.

செட்டைத் திறப்பதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை. எந்த சிடியைப் போட்டுப் பார்க்கிறீர்கள்? கடையில் வாங்கிய, அச்சில் அடித்த ஒரிஜினல் ஆடியோ சிடி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். அதன் பளபளப்புப் பக்கம் குறைந்தது 70 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது தரக்கணக்கு. கம்ப்யூட்டரில் எழுதிய சிடி-ஆர் அதைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கலாம், அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான் திருப்பும். 90களின் செட் பலவற்றுக்கு அது கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று, நம் ஊரில் ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு வாசலில் விற்ற நூறு பாட்டு, நூற்றைம்பது பாட்டு சிடிகளெல்லாம் எம்பி3. அந்த வயது செட்டுக்கு எம்பி3 தெரியாது. அதைப் போட்டுப் பார்த்துவிட்டு செட் கெட்டுப்போனது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும்போது அச்சுப் பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அலுமினியப் படலம் இருப்பது அந்தப் பக்கம்தான், மேலே மெல்லிய வார்னிஷ் மட்டுமே காவல். அங்கே ஊசிமுனை அளவு ஓட்டைகள் தெரிந்தால் அந்த இடத்துப் பதிவு போனது போனதுதான்.

சரி, ஒரிஜினல் சிடியும் ஓடவில்லை, திறக்கத்தான் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பல செட்களில் டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கத்தை சுவிட்ச் துண்டிப்பதே இல்லை. சோதனைகளை முடிந்தவரை பேட்டரி போட்டே செய்யுங்கள், புதுசாக வாங்கிய பெரிய டார்ச் பேட்டரிகள். கரண்ட் பயம் இல்லை, கூடவே ஒரு கண்டுபிடிப்பும் கிடைக்கலாம்: பேட்டரியில் சிடி ஓடி, கரண்டில் ஓடவில்லை என்றால் கோளாறு பிக்கப்பில் இல்லை, பவர் சப்ளையில்தான். ரேடியோ பாடுகிறதே, பவர் சரியாகத்தானே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ரேடியோவுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், சிடி மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் இழுப்பு அதிகம். காய்ந்துபோன ஃபில்டர் கண்டென்சர் (கரண்டைச் சேமித்து வோல்டேஜைச் சீராக வைக்கும் பாகம்) அந்த நொடியில் வோல்டேஜைத் தாங்காமல் விட்டுவிடும், சிடி பகுதியின் ஐசி குழம்பி நின்றுவிடும்.

பின்பக்க ஸ்குரூக்கள் ஆழமான குழிக்குள் இருக்கும், நீளமான ஸ்டார் ஸ்குரூ டிரைவர் வேண்டும். ஒன்று பேட்டரி பெட்டிக்குள் ஒளிந்திருக்கும், அதை மறந்துவிட்டு இழுத்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். ஏரியல் ஒயர், ஸ்பீக்கர் ஒயர் எங்கெங்கே போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

லேசரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்கு மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. மங்கலாக இருக்கிறதே என்று குனிந்து நேராகப் பார்ப்பது ஆபத்து, கண் சிமிட்டிக்கொள்ளும் அளவுக்கு வெளிச்சம் தெரியாததால் கண்ணுக்குத் தற்காப்பே இல்லை. ஒரு அடிக்கு மேல் தள்ளி, பக்கவாட்டில் சாய்வாக மட்டும் பாருங்கள். போன் கேமராவில் பார்த்தால் பல போன்களில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள். போன் திரையைத்தான் பார்க்க வேண்டும், லென்ஸை அல்ல.

இப்போது மூடி சுவிட்சை ஒரு குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிடி இல்லாமல், என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பிக்கப் நடுவுக்கு வந்ததா? லென்ஸ் ஏறி இறங்கியதா? கேமராவில் புள்ளி தெரிந்ததா? மூன்றும் நடந்தால் சுவிட்ச், ரிப்பன் கேபிள், லென்ஸைத் தூக்கும் காயில், டிரைவர் ஐசி (மோட்டாருக்கும் காயிலுக்கும் கரண்ட் கொடுக்கும் சிப்) எல்லாம் உயிரோடு இருக்கின்றன. சிடியோடு சோதிக்கும்போது மட்டும் மூடியை மூடிவிடுங்கள். பல செட்களில் சிடியை அழுத்திப் பிடிக்கும் காந்த வட்டு மூடியில்தான் இருக்கும், அது இல்லாமல் சுற்றவிட்டால் சிடி எகிறிப் பறக்கும். அந்த வட்டு கோணலாக இருந்தாலும், கழன்று விழுந்து எங்கோ உருண்டுவிட்டிருந்தாலும் சிடி வழுக்கிக்கொண்டு நீங்கள் சொல்லும் கோளாறேதான் வரும். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

லென்ஸ் ஆடுகிறது, ஆனால் சிடி சுற்றவே இல்லை அல்லது அரைகுறையாகச் சுற்றி நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் அழுக்கு. இருபது வருஷமாகத் தாளிப்புப் புகை, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் எல்லாம் படிந்த லென்ஸ் அது. சிடியின் மேல் தூசி இருந்தால் அவ்வளவாகப் பாதிக்காது, ஏனென்றால் 1.2 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக்கின் கீழ்ப்பரப்பில் லேசர் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. அகலத்துக்கு விரிந்திருக்கிறது, உள்ளே பதிவின் மேல் விழும்போதுதான் இரண்டு மைக்ரானுக்கும் கீழே சுருங்குகிறது. லென்ஸில் படியும் புகை அப்படியில்லை, ஒளி அதன் வழியாகவே போய் அதன் வழியாகவே திரும்ப வேண்டும், இழப்பு இரட்டிப்பு.

துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சுத்தமானது, மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், படலம் விட்டுவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக் லென்ஸைக் கரைத்து வெள்ளையாக்கிவிடும். காது பட்ஸை ஐபிஏயில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, லென்ஸின் நடுவிலிருந்து வெளியே சுருள்வட்டமாக மிக லேசாகத் துடையுங்கள். லென்ஸ் அமுங்கும், பயப்பட வேண்டாம், அது மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் இழுக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. காய்ந்த பட்ஸால் இன்னொரு தடவை. சுத்தமான லென்ஸில் விளக்கு வெளிச்சம் நீலச்சாயலோடு பளிச்சென்று தெரியும். லென்ஸுக்கு அடியில் இருக்கும் கண்ணாடியிலும் தூசி சேரும், கேமராவுக்கு விற்கும் ரப்பர் ஊதுகுழாயால் ஓரத்திலிருந்து நாலு தடவை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். சின்ன பிரஷ் ஒட்டிய கிளீனிங் சிடி விற்கிறார்களே, இருபது வருஷத்துப் புகைப்படலத்தை அது எடுக்காது, லென்ஸைத் தட்டிவிடவும் செய்யும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

துடைத்த பிறகு ஒரு ஐந்து நிமிஷம் விட்டு மூடிப் போட்டுப் பாருங்கள். நிறைய செட்கள் இங்கேயே பாட ஆரம்பித்துவிடும்.

பாடவில்லை என்றால் அடுத்து நான் பார்ப்பது சிடியைச் சுற்றும் ஸ்பிண்டில் மோட்டார். உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்தே இதன் மேல்தான் எனக்குச் சந்தேகம். இந்த செட்களில் இருப்பது விலை குறைந்த பிரஷ் வைத்த டிசி மோட்டார், பிரஷ் தேய்ந்த தூள் உள்ளே படிந்து சில கோணங்களில் கரண்ட் சரியாகப் போகாது. அதனால் கிளம்பும், தடுமாறும், வேகம் நிலைக்காது, செட் காத்திருந்து பார்த்துவிட்டு நிறுத்திவிடும். சிடிக்கு ஒரே வேகம் கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லேசருக்குக் கீழே தடம் நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும், அதற்காக உட்பக்கம் படிக்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 500 சுற்றும், வெளி ஓரத்தில் சுமார் 200 சுற்றும் சுற்றுகிறது. அப்படியென்றால் மோட்டாருக்கு மிகக் கடினமான இடம் தொடக்கம்தான். முதல் பாட்டுகள் குதிக்கின்றன, பின்னால் இருக்கும் பாட்டுகள் நன்றாக ஓடுகின்றன என்றால் மோட்டார் பலவீனம். தலைகீழாக, ஆரம்பம் நன்றாக ஓடி எட்டாவது பத்தாவது பாட்டில் திக்குகிறது என்றால் பிக்கப் நகரும் பாதையில் கோளாறு. இந்த ஒரு அடையாளம் எனக்கு எத்தனையோ செட்களில் நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

மோட்டாரைச் சோதிக்க அதன் கனெக்டரை போர்டிலிருந்து கழற்றிவிடுங்கள், கழற்றாமல் எதையும் செய்ய வேண்டாம், டிரைவர் ஐசிக்கு ஆபத்து. மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து மோட்டாரின் இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் வட்டத்தட்டை விரலால் மிக மெதுவாகத் திருப்புங்கள். நல்ல மோட்டார் என்றால் 10 ஓம் அளவில், கொஞ்சம் கூடக் குறைய, ஒரே மாதிரி காட்டும். சில இடங்களில் 50, 100 என்று எகிறினாலோ, திறந்த சர்க்யூட் காட்டினாலோ நோய் அதுதான். வைத்தியம் இருக்கிறது: இரண்டு பென்டார்ச் செல்லைத் தொடராக இணைத்து 3 வோல்ட் கொடுத்து ஒரு பக்கமாக ஒரு நிமிஷம், ஒயரை மாற்றி மறுபக்கமாக ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள், அப்புறம் 5 அல்லது 6 வோல்ட்டில் சில நொடிகள். வேகமாக ஓடும்போது உள்ளே படிந்த தூள் எரிந்தும் தேய்ந்தும் போகும். மறுபடி ஓம் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சில மோட்டார் வருஷக்கணக்கில் தாங்கும், சில மாதத்தில் பழையபடி ஆகும். பழையபடி ஆனால் மோட்டாரை மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது மேலே இருக்கும் வட்டத்தட்டு அச்சில் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பிடுங்குவதற்கு முன்பே வெர்னியரால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரம் மாறினால் லென்ஸுக்கு ஃபோகஸ் எட்டாது.

பிக்கப் நகரும் பாதைக்கு அதிக நேரம் ஆகாது. கம்பியில் இருக்கும் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும், ஐபிஏ தொட்டு முழுதாகத் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு துளி மட்டும் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், ஒழுகி லென்ஸில் ஏறும். பல்சக்கரங்களில், பிக்கப்பை நகர்த்தும் மோட்டாரின் அச்சில் இறுக்கி மாட்டியிருக்கும் சின்ன வெள்ளைச் சக்கரம் விரிசல் விட்டிருக்கிறதா பாருங்கள். தொடக்கத்தில் டக் டக் டக் என்று சத்தம் வந்தால் ஒன்று அந்த விரிசல், இல்லையென்றால் நடுவில் இருக்கும் எல்லை சுவிட்ச் துருப்பிடித்து அழுந்தியதைச் சொல்லவில்லை. சுவிட்சுக்குக் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒரு சொட்டு போதும். முழு மெக்கானிசமும் மூன்று நான்கு ரப்பர் புஷ்களில் மிதக்கிறது, ரப்பர் உளுத்துப்போய் மெக்கானிசம் கீழே இறங்கியிருந்தால் சிடி அடிப்பக்க பிளாஸ்டிக்கில் உரசும்.

ரேடியோ, டேப், சிடி என்று மாற்றும் தள்ளு சுவிட்சிலும் அதே ஸ்பிரேயை அடித்துவிட்டு இருபது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். சிடிக்கு மாற்றினால் டிஸ்பிளேயே எரியவில்லை, அல்லது ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் சிடி கேட்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான். பிக்கப்புக்குப் போகும் ரிப்பன் கேபிளைக் கழற்றி, முனையை ஐபிஏயால் துடைத்து மறுபடி செருகுங்கள். மடிப்பில் விரிசல் விட்டிருந்தால் அதே எண்ணிக்கை கால்கள், அதே இடைவெளி உள்ள கேபிள் ரொம்பக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். திறந்ததே திறந்தீர்கள், கேசட் பெல்ட்டையும் பார்த்துவிடுங்கள், தார் மாதிரி இளகத் தொடங்கியிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிக்கப்பின் ஓரத்தில் ஸ்குரூ டிரைவர் வைத்துத் திருப்புகிற மாதிரி ஒரு குட்டி பிரிசெட் இருக்கும். "அதைக் கொஞ்சம் திருப்பினால் சிடி படிக்கும்" என்று வீடியோக்களில் காட்டுவார்கள், படிக்கவும் செய்யும். அது லேசருக்குப் போகும் கரண்டைக் கூட்டுகிறது. அழுக்கான லென்ஸையும் தேய்ந்த மோட்டாரையும் அப்படியே விட்டுவிட்டு லேசரை அதிகமாக எரித்தால் நன்றாக இருந்த லேசரும் சீக்கிரம் தீர்ந்துவிடும், லேசரை உண்டாக்கும் டயோடின் தாங்கும் எல்லையைத் தாண்டினால் அந்த நொடியிலேயே போகும். பழைய செட்களின் சிடி போர்டிலும் நாலைந்து பிரிசெட் இருக்கும், ஃபோகஸ், டிராக்கிங் என்று. அவை ஆஸிலாஸ்கோப் (சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவி) வைத்துத் தொழிற்சாலையில் செட் பண்ணியவை, தானாக நகர்வது அபூர்வம். தொடாதீர்கள்.

எல்லாம் செய்தும், மோட்டார் நன்றாக இருந்தும், பல சிடிகளில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை, அல்லது கேமராவில் புள்ளியே தெரியவில்லை என்றால் அப்போது பிக்கப்பை மாற்றலாம். பார்ட்ஸ் வராது என்று சொன்னது சரியில்லை. 90களின் நடுவிலிருந்து வந்த கைப்பிடி செட்களில் பெரும்பகுதி, வெளியே எந்தக் கம்பெனி பெயர் இருந்தாலும், உள்ளே சோனியின் கேஎஸ்எஸ்-213 வகையோ சான்யோவின் எஸ்எஃப்-பி101என் வகையோதான் வைத்திருக்கும். இரண்டும் இன்றும் சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் விற்கின்றன. சான்யோவில் 15 கால், 16 கால் என்று இரண்டு உண்டு, எண்ணிப் பார்த்து வாங்குங்கள். மோட்டார், கம்பி, பல்சக்கரத்தோடு முழு மெக்கானிசமாகக் கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது, விலை பெரிதாகக் கூடாது, தேயும் பாகங்கள் எல்லாம் ஒரே தடவையில் புதுசாகிவிடும்.

புது பிக்கப் மாட்டும்போது ஒரு இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உடம்பின் நிலைமின்சாரம் பட்டாலே லேசர் டயோட் செத்துவிடும் என்பதால் தொழிற்சாலையிலேயே இரண்டு புள்ளிகளை ஒரு பொட்டு ஈயத்தால் சேர்த்து அனுப்புவார்கள். ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகு அந்தப் பொட்டைச் சால்டரிங் அயன் வைத்து எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியவே எரியாது, புது பார்ட்டும் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். வேலைக்கு உட்காருமுன் எர்த் ஆன உலோகம் எதையாவது தொட்டுவிட்டு உட்காருங்கள், நைலான் சட்டை வேண்டாம்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது ஒரிஜினல் சிடி, புது பேட்டரி, லென்ஸ் துடைப்பது, மோட்டாரின் ஓம் பார்ப்பது, இந்த நாலும் இதே வரிசையில். சரியாகவில்லை என்றால் எந்தப் படியில் நிற்கிறது, மோட்டாரைத் திருப்பும்போது மீட்டர் என்ன காட்டியது, பிக்கப்பில் எழுதியிருக்கும் எண் என்ன, இந்த மூன்றையும் எழுதுங்கள். எண் பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும், மெக்கானிசத்தின் ஸ்குரூக்களைக் கழற்றிச் சாய்த்தால் தெரியும்.